சொனாட்டா இரண்டு பகுதியா, மூன்று பகுதியா? (ஸ்கார்லாட்டி முதல் மோட்சார்ட் வரை)

கருப்புக்கட்டை (இழையைத் தொடங்கியவர்)

நாற்பது தாண்டிய பிறகு பியானோ கற்றுக்கொள்ள ஆரம்பித்தவன் நான். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கான தியரி புத்தகத்தில் சொனாட்டா வடிவம் என்றால் மூன்று பகுதி என்று போட்டிருக்கிறது. எக்ஸ்பொசிஷனில் இரண்டு கருப்பொருள் வரும், டெவலப்மென்ட்டில் அவற்றைப் புரட்டி எடுப்பார்கள், ரீகேபிச்சுலேஷனில் அவை திரும்பி வரும். சரி, மனப்பாடம் செய்துவிட்டேன்.

இப்போது ஆசிரியர் ஸ்கார்லாட்டியின் சொனாட்டா ஒன்றைக் கொடுத்திருக்கிறார், இ மேஜர், கே. 380. அதில் அந்த மூன்று பகுதியைத் தேடு தேடென்று தேடினேன். இல்லை. நடுவில் ஒரே ஒரு இரட்டைக் கோடு, இரண்டு பக்கமும் ரிப்பீட் புள்ளிகள். இரண்டே பாதி. சரி, பழைய காலத்து ஆள், வேறு வழக்கம் போலும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று மோட்சார்ட்டின் கே. 545-ஐ எடுத்துப் பார்த்தால் (சி மேஜர், எல்லோரும் வாசிப்பதுதான்) அதிலும் முதல் அங்கத்தில் ஒரே ஒரு இரட்டைக் கோடு! முதல் பாதியை இருமுறை, இரண்டாம் பாதியை இருமுறை வாசிக்கச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் மூன்று பகுதி எங்கே? புத்தகம் தவறா, நான் தவறா?

---

மிட்டாய்வண்டி

முதலில் எனக்கு ஒன்று தெரியவேண்டும். ஸ்கார்லாட்டிக்கும் கே., மோட்சார்ட்டுக்கும் கே. இரண்டு பேரும் ஒரே ரேஷன் கடையா?

---

பழைய கேசட்

இரண்டும் வேறு கடை. மோட்சார்ட்டின் கே., 1862-ல் பட்டியல் போட்ட கோஹெல். ஸ்கார்லாட்டியின் கே., கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்க ஹார்ப்சிகார்ட் கலைஞர்; அவருடைய எண் வரிசை 1953-ல் வந்தது. அதில் மொத்தம் 555 சொனாட்டா.

கருப்புக்கட்டை, நீங்கள் பார்த்தது சரி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘சொனாட்டா’ என்ற சொல்லும் ‘சொனாட்டா வடிவம்’ என்பதும் வேறு வேறு. இத்தாலிய மொழியில் சொனாட்டா என்றால் வாசிக்கப்படுவது, காண்டாட்டா என்றால் பாடப்படுவது. பரோக் காலத்தில் (ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை) அவ்வளவுதான் பொருள். 1700-ல் வந்த கொரெல்லியின் ஓபஸ் 5-ல் (ஐந்தாம் வெளியீடு) பன்னிரண்டு வயலின் சொனாட்டா இருக்கின்றன. பன்னிரண்டாவதில் சொனாட்டா வடிவமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. லா ஃபோலியா என்ற பழைய மெட்டை வைத்துக்கொண்டு வரிசையாக மாறுபாடுகள் வாசிப்பார். அதற்கும் பெயர் சொனாட்டாதான்.

---

ஆர்கன்அக்கா

தம்பி, புத்தகமும் முழுத் தவறில்லை, நீங்களும் தவறில்லை. நான் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இந்தக் கேள்வியை வருடத்துக்கு ஒருவராவது கேட்காமல் விட்டதில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தொடக்கம் நடனத்தில் இருக்கிறது. பரோக் காலத்து சூட் என்பது நடனங்களின் கோர்வை: அலமாண்ட், கூரான்ட், சரபாண்ட், ஜீக். நடுவில் மினுவெட், கவாட், பூரே என்று எதையாவது செருகுவார்கள். தாளமும் நடையும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆனால் சட்டகம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு பாதி, ஒவ்வொன்றும் இருமுறை.

முதல் பாதி சொந்தக் கீயில் (ஆதார சுரமும் அதன் ஸ்கேலும்) கிளம்பி, பெரும்பாலும் ஐந்தாம் சுரத்தின் கீயில் போய் நிற்கும். சி மேஜர் என்றால் ஜி மேஜர். மைனரில் இருந்தால் பெரும்பாலும் உறவு மேஜருக்குப் போகும். இரண்டாம் பாதி அந்த வெளியூரிலிருந்து கிளம்பி, இரண்டு மூன்று ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சேரும். இதற்கு பைனரி என்று பெயர்.

உங்கள் கே. 380-ல் முதல் பாதி பி மேஜரில் முடிகிறதா? இ-க்கு ஐந்தாவது பி. இரண்டாம் பாதியின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். முதல் பாதியின் கடைசியில் பி-யில் கேட்ட அதே சங்கதிகள் இப்போது இ-யில் வரும். இரண்டு பாதியின் வால்களும் எதுகை போல ஒத்துவரும். ஸ்கார்லாட்டிக்குத் தலையைவிட வால்தான் முக்கியம். தொடக்க மெட்டு திரும்பி வருவதைப் பற்றி அவர் பெரும்பாலும் கவலையே படுவதில்லை.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் பாதியின் நடுவில், வீட்டுக் கீ வந்து சேரும் அதே கணத்தில், தொடக்க மெட்டும் திரும்ப வரட்டும். உங்கள் புத்தகம் ரீகேபிச்சுலேஷன் என்று சொல்வது அதைத்தான். அந்த இடம் பெரிதாகிப் பெரிதாகி, இரண்டாம் பாதி இரண்டு அறையாகப் பிரிந்துவிட்டது. ஒரு பெரிய கூடத்தின் குறுக்கே பிற்பாடு சுவர் எழுப்பினது மாதிரி. வாசல் இரண்டுதான், அறை மூன்று. அந்த இரட்டைக் கோடும் ரிப்பீட் புள்ளிகளும் பழைய வீட்டின் அடையாளம்.

---

கருப்புக்கட்டை

அக்கா, கே. 380-ஐ இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். வால் அப்படியே ஒத்துவருகிறது! இரண்டு மாதமாக வாசிக்கிறேன், கண்ணில் படவில்லை.

ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த முதல் மினுவெட், பாக்கின் ஜி மேஜர் மினுவெட். அதில் 16 பார் (தாளக் கட்டம்) முடிந்ததும் ஜி-யில்தானே நிற்கிறது? டி-க்குப் போகவே இல்லையே?

---

ஆர்கன்அக்கா

நல்ல காது. அந்த மினுவெட்டில் முதல் 16 பார் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. இரண்டாம் பாதியில், 24-ஆம் பாரில்தான் டி-யில் போய் உட்காருகிறது. அங்கே சி ஷார்ப் வருவதைப் பாருங்கள். பிறகு எட்டே பாரில் வீடு. சின்ன நடனங்களில் இப்படியும் உண்டு.

---

பழைய கேசட்

அது பாக் எழுதியதும் இல்லை. 1725-ல் அவர் மனைவி அன்னா மக்தலேனாவுக்காகத் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருப்பதால் எல்லோரும் பாக் என்று நினைத்துவிட்டார்கள். எழுதியவர் டிரெஸ்டனில் ஆர்கன் வாசித்த கிறிஸ்டியான் பெட்சோல்ட். பாவம், உலகத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் தடவித் தடவி வாசிக்கும் மெட்டு அவருடையது, பெயர் மட்டும் இன்னொருவருக்கு.

---

சுருதிப்பெட்டி

நான் கர்நாடக சங்கீதம் கேட்பவன். மேற்கத்திய இசை இளையராஜா வழியாக எட்டிப் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். சி-யிலிருந்து ஜி-க்குப் போவது என்கிறீர்களே, அது கிரக பேதம்தானே? சங்கராபரணத்தில் பஞ்சமத்தை சட்ஜமாக வைத்தால் ஹரிகாம்போஜி வருமே, அதுதானா?

---

ஆர்கன்அக்கா

இல்லை சார். கிரக பேதத்தில் சுரங்கள் அப்படியே இருக்கும், ஆதாரம் மட்டும் நகரும். கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் ஜி-யிலிருந்து ஜி வரை வாசித்தால் நீங்கள் சொல்லும் ஹரிகாம்போஜி வரும், எஃப் இயல்பாக இருக்கும். ஜி மேஜருக்கு மாடுலேட் ஆகும்போது, அதாவது கீ மாறும்போது, எஃப் ஷார்ப் ஆகிவிடும். அதாவது அங்கே போயும் சங்கராபரணம்தான். பெட்டியையே திருகிச் சுருதியை ஐந்தாவதுக்கு ஏற்றிவிட்டு, மறுபடி சங்கராபரணம் பாடுவது போல. உங்கள் கச்சேரியில் யாராவது நடுவில் பெட்டியைத் திருகினால் அடிக்க வந்துவிடுவீர்கள். இங்கே அந்தத் திருகலை வைத்துத்தான் கட்டடமே கட்டுகிறார்கள்.

---

சுருதிப்பெட்டி

புரிந்தது. அப்படியானால் கடைசியில் வீட்டுக் கீ திரும்பி வருவதைக் கேட்பவர்கள் உண்மையிலேயே உணர்கிறார்களா? எனக்கு இதுவரை உறைத்ததே இல்லை.

---

ஆர்கன்அக்கா

பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். முதல் பாதியை வாசித்து அங்கேயே நிறுத்திப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரர்கூட ‘என்ன, அவ்வளவுதானா?’ என்பார்.

---

நாலாம்குரல்

எல்லோரும் சொனாட்டா என்று உருகுகிறீர்கள். நான் எதிர்க்கட்சி. 1740-க்குப் பிறகு நடந்தது வளர்ச்சி இல்லை, சரிவு என்பேன்.

பாக்கின் சி மைனர் ஃப்யூகை எடுத்துக்கொள்ளுங்கள் (1722, வெல்-டெம்பர்ட் கிளேவியர், முதல் தொகுதி). மொத்தம் 31 பார். மூன்று குரல். ஒரு குரல் கருப்பொருளைச் சொல்லும், இரண்டாவது குரல் அதை ஐந்தாம் சுரத்தில் எடுத்துப் பதில் சொல்லும், அப்போது முதல் குரல் சும்மா இருக்காமல் எதிர்க்கருப்பொருளை இழைக்கும். அப்புறம் மூன்றாவது வந்து சேரும். ஒவ்வொரு குரலும் சொந்தக் காலில் நிற்கும்.

இதை விட்டுவிட்டு காலன்ட் பாணி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வலக்கையில் இனிப்பான மெட்டு, இடக்கையில் டொட்டடொட்ட டொட்டடொட்ட. ஆல்பெர்ட்டி பேஸ்! கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) மூன்றாக உடைத்துச் சுற்றிச் சுற்றி வாசித்தால் இசையாகிவிடுமா? கே. 545-இன் முதல் பக்கத்து இடக்கையைப் பாருங்கள், சலித்துவிடும்.

---

மிட்டாய்வண்டி

டொட்டடொட்டவைக் குறை சொல்லாதீர்கள். என் மகளுக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக வருகிறது.

---

பழைய கேசட்

நாலாம்குரலுக்கு 1737-லேயே பதில் கொடுத்துவிட்டார்கள். ஷைபே என்ற விமர்சகர் ஹாம்பர்க்கில் தன் பத்திரிகையில் பாக்கைப் பற்றி எழுதினார். சாரம் இதுதான்: அபாரமான கலைஞர், ஆனால் அளவுக்கு மீறிய வேலைப்பாட்டால் இயல்பழகை மூடிவிடுகிறார், எல்லாக் குரலும் ஒரே நேரத்தில் பேசுவதால் எது முதன்மை என்றே தெரிவதில்லை. பிர்ன்பாம் என்பவர் அடுத்த வருடம் பாக்குக்காகப் பதில் எழுதினார். இந்த இழையில் நடப்பதெல்லாம் மறு ஒலிபரப்புதான்.

ஷைபே பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். எல்லோரும் சேர்ந்து பேசினால் நாடகம் நடத்த முடியாது. ஒருவர் பேசி, நிறுத்தி, இன்னொருவர் குறுக்கிட்டால்தான் காட்சி. காலன்ட் பாணி கொண்டுவந்தது அந்த நிறுத்தங்களைத்தான். நாலு பார் கேள்வி, நாலு பார் பதில், ஒரு மூச்சு. பரோக் இசை ஒரு பொறியைத் தட்டிவிட்டது போலக் கடைசிவரை ஓடும், மூச்சுவிட இடம் கொடுக்காது. விவால்டியின் கான்செர்ட்டோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் குழுவும் வாசிக்கும் ரிட்டர்னெல்லோ வரும், தனி வயலின் வரும், மறுபடி ரிட்டர்னெல்லோ வேறு கீயில். ஓட்டம் நிற்பதே இல்லை. அதுவும் பிடிக்கும். ஆனால் ஒரே அங்கத்துக்குள் மனம் மாறிக்கொண்டே இருக்கும் விந்தை அங்கே கிடையாது.

---

நாலாம்குரல்

பாக்கின் பிள்ளைகளே அப்பாவை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதுதான் எனக்கு வலி.

---

ஆர்கன்அக்கா

விட்டுவிட்டா போனார்கள்? எமானுவேல் பாக், பிரஷ்ய அரசர் ஃபிரெடரிக்கின் அரண்மனையில் கிளேவியர் வாசித்தவர். 1753-ல் விசைக்கருவி வாசிப்பது பற்றி நூல் எழுதினார். 1773-ல் வந்த அவருடைய தன்வரலாற்றுக் குறிப்பில் தனக்கு வேறு ஆசிரியரே இல்லை, அப்பாதான் என்ற பெருமை தெரியும். ஆனால் அவர் சொனாட்டாக்களில் திடீர் மௌனம், திடீர் கீ தாவல் என்று மனசு ஒரு நிலையில் நிற்காது. தம்பி கிறிஸ்டியான் பாக் லண்டனுக்குப் போய் மென்மையான பாடும் பாணியில் எழுதினார். அங்கே 1764-ல் எட்டு வயது மோட்சார்ட் அவரைச் சந்தித்தான். பிற்பாடு அவருடைய மூன்று சொனாட்டாவைக் கான்செர்ட்டோவாக மாற்றிப் பழகிக்கொண்டான். கே. 545-இன் அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் இந்த லண்டன் பாக்கைத்தான் காட்டுவேன்.

---

கருப்புக்கட்டை

ரிப்பீட் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். எல்லா ரிப்பீட்டையும் வாசித்தாகவேண்டுமா? தேர்வில் வேண்டாம் என்கிறார்கள். வீட்டில் வாசித்தால் மனைவி ‘இதைத்தானே இப்போது வாசித்தீர்கள்’ என்கிறாள்.

---

பழைய கேசட்

இது பெரிய சண்டை. பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1955-ல் பாக்கின் கோல்ட்பெர்க் மாறுபாடுகளைப் பதிவு செய்தபோது ரிப்பீட் எதையும் எடுக்கவில்லை, 38 நிமிடத்தில் முடிந்தது. 1981-ல் மறுபடி பதிந்தபோது சில ரிப்பீட்டுகள் எடுத்தார், வேகமும் குறைந்தது, 51 நிமிடம். கோல்ட்பெர்க்கும் பைனரிதான் என்பதைக் கவனியுங்கள். ஏரியா என்ற தொடக்கப் பகுதியில் 16 பார், 16 பார். பாதியில் டி-க்குப் போகும், முடிவில் ஜி-க்கு வரும். முப்பது மாறுபாடும் அந்த அடிக்குரல் பாதையிலேயே நடக்கின்றன, மேலே இருக்கும் மெட்டின் மேல் இல்லை. பலரும் மெட்டைத் தேடித் தோற்பது இதனால்தான்.

என் கட்சி: பரோக்கில் ரிப்பீட்டை எடுக்கவேண்டும், ஆனால் இரண்டாம் முறை அப்படியே வாசிக்கக்கூடாது.

---

ஆர்கன்அக்கா

அதற்கு அச்சிலேயே சாட்சி இருக்கிறது. 1760-ல் எமானுவேல் பாக் ‘மாற்றிய ரிப்பீட்டுகளுடன்’ என்று தலைப்பிட்டே ஆறு சொனாட்டா வெளியிட்டார். இரண்டாம் முறை என்ன மாற்றவேண்டும் என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டார். சும்மா விட்டால் வாசிப்பவர்கள் கன்னாபின்னாவென்று அலங்கரிக்கிறார்கள் என்ற கவலை அவருக்கு.

பாட்டிலும் இதே கதைதான். ஹேண்டல் காலத்து ஓபராவில் ட கபோ ஏரியா என்று உண்டு. முதல் பகுதி, மாறுபட்ட நடுப்பகுதி, பிறகு ‘தலையிலிருந்து’ என்று ஒரு குறிப்பு. முதல் பகுதியை மறுபடி பாடும்போது பாடகர் தன் கைவரிசையை எல்லாம் காட்டுவார். இசையமைப்பாளருக்கு மறுபடி எழுதும் வேலை மிச்சம், பாடகருக்குக் கைதட்டல். கடைசியில் க்ளுக் வந்து, 1762-ல் வியன்னாவில் ஓர்ஃபேயோவை மேடையேற்றும்போது இந்த வழக்கத்தை ஓரங்கட்டினார். கதை நகரவேண்டிய இடத்தில் பாடகர் திரும்பி நின்று பக்கம் பக்கமாக நகாசு வேலை செய்வது அவருக்குப் பொறுக்கவில்லை.

---

மிட்டாய்வண்டி

ஹேண்டல் என்றதும் நினைவுக்கு வந்தது. ரினால்டோவில் ஒரு அழுகைப் பாட்டு வருமே, ‘என்னை அழ விடு’ என்று. அது எந்த வடிவம்?

---

பழைய கேசட்

வடிவம் ட கபோ. நடை சரபாண்ட்! மூன்றெண்ணிக்கை, இரண்டாவதில் கனம். அந்த மெட்டு 1705-ல் ஹேண்டலின் அல்மீரா ஓபராவில் வெறும் நடனமாக, ஒரு சரபாண்டாகத்தான் முதலில் வந்தது. 1711-ல் ரினால்டோவில் அழுகை ஆனது. சரபாண்டின் பூர்வீகம் தெரியுமா? ஸ்பெயினில் ஆபாச நடனம் என்று 1583-ல் தடை செய்தார்கள். அந்தப் போக்கிரி நடனம் பிரெஞ்சு அரண்மனைக்குப் போய், மெதுவாகி, கண்ணியமாகி, கடைசியில் கண்ணீர் வடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

---

கருப்புக்கட்டை

மூலக் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வாசல், மூன்று அறை புரிந்துவிட்டது. அப்படியானால் ‘இரண்டு கருப்பொருள்’ என்று புத்தகம் சொல்வது?

---

ஆர்கன்அக்கா

அதுதான் புத்தகத்தின் பலவீனம். ஹைடனின் 104-ஆம் சிம்ஃபொனி, 1795, லண்டனில் எழுதியது, டி மேஜர். முதல் அங்கத்தில் கீ ஏ-க்கு மாறி, இதோ இரண்டாம் கருப்பொருள் வரப்போகிறது என்று நாம் காத்திருந்தால், முதல் மெட்டே ஏ மேஜரில் வந்து நிற்கும். ஹைடனுக்கு இது வாடிக்கை. இரண்டாவது ஆள் தேவையில்லை, இரண்டாவது ஊர்தான் தேவை.

சமகாலத்துக் கோட்பாட்டாளர் கோஹ், 1793-ல் இந்த வடிவத்தை விளக்கும்போது இரண்டு பகுதி என்றுதான் எழுதினார். இரண்டாம் பகுதிக்குள் இரண்டு பெரிய பத்திகள், அவ்வளவுதான். கீ எங்கே போகிறது என்பதுதான் அவருக்குப் பேச்சு. மெட்டுகளை முன்னால் வைத்து, ‘சொனாட்டா வடிவம்’ என்று பெயர் சூட்டிப் பரப்பியது மார்க்ஸ் போன்ற 19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள். (அந்த மார்க்ஸ் இல்லை, பெர்லின் இசைப் பேராசிரியர்.) ஹைடனும் மோட்சார்ட்டும் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை.

---

நாலாம்குரல்

சரி, ஒரு கேள்வி. ஃப்யூக் செத்துவிட்டதென்றால் ஹைடன் ஏன் 1772-ல் ஓபஸ் 20 குவார்டெட்டுகளில் மூன்றை ஃப்யூகில் முடித்தார்?

---

ஆர்கன்அக்கா

சாகவில்லை என்பதால்தான். ஃப்யூக் ஒரு வடிவம் என்பதைவிட ஒரு வேலை முறை. எந்த வீட்டுக்குள்ளும் குடிவைக்கலாம். மோட்சார்ட் 1782-ல் வியன்னாவில் ஃபான் ஸ்வீட்டன் பிரபுவின் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போனார். அங்கே வாசித்ததெல்லாம் பாக்கும் ஹேண்டலும்தான்.

நீங்கள் திட்டின கே. 545-ஐ மோட்சார்ட் தன் பட்டியலில் எழுதிக்கொண்டது 1788 ஜூன் 26, ‘தொடக்கக்காரர்களுக்குச் சிறிய சொனாட்டா’ என்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ல் ஜூபிடர் சிம்ஃபொனி. அதன் கடைசி அங்கம் சொனாட்டா வடிவம். இறுதியில் ஐந்து மெட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஃப்யூக் பாணியில் பின்னிவிடுகிறார். நடுவில் ஏழு வாரம்கூட இல்லை. டொட்டடொட்ட எழுதிய அதே கைதான்.

---

நாலாம்குரல்

ஜூபிடரை மறந்துவிட்டேன். வாபஸ். டொட்டடொட்ட பற்றிய கருத்தை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

---

கருப்புக்கட்டை

இன்று காலை பென்சிலோடு கே. 545-ஐ எண்ணினேன். முதல் பாதி 28 பார், சி-யில் கிளம்பி ஜி-யில் முடிகிறது. கோட்டுக்கு அப்புறம் ஜி மைனரில் ஆரம்பித்து 13 பார் ஊர் சுற்றல். 42-ஆம் பாரில் முதல் மெட்டு வருகிறது. ஆனால் அக்கா, அது சி-யில் இல்லையே! எஃப் மேஜரில் வருகிறது. வீட்டுக் கீயும் முதல் மெட்டும் ஒரே கணத்தில் வரும் என்றீர்களே?

---

ஆர்கன்அக்கா

மாட்டிக்கொண்டேன்! வழக்கம் அது, மோட்சார்ட் இங்கே வேறு வழியில் வருகிறார். முதல் பாதியில் மெட்டு கிளம்பிய இடத்திலிருந்து ஐந்து சுரம் மேலே போனது, சி-யிலிருந்து ஜி. இப்போது எஃப்-இல் கிளம்பி அதே ஐந்து சுரம் மேலே போனால் எங்கே வந்து நிற்பீர்கள்?

---

கருப்புக்கட்டை

சி!

---

பழைய கேசட்

சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் பாதியை அப்படியே எடுத்து ஒட்டினால் போதும், புதிதாக எதுவும் எழுதவேண்டாமே என்று.

---

கருப்புக்கட்டை

ஒட்டவில்லை சார். 42-இலிருந்து 73 வரை எண்ணினேன், 32 பார் வருகிறது. முதல் பாதியைவிட நாலு பார் கூட. ஸ்கேல் ஓடும் இடத்தில்தான் நீட்டியிருக்கிறார், எனக்கு விரல் சிக்கிக்கொள்ளும் அதே இடம்.